பழசு எங்கடி போச்சு?

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவன் நான். டி.என்.ஏ. எப்படித் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்கிறது என்று கரும்பலகையில் ஏணி ஏணியாகப் படம் போட்டே எத்தனையோ சாக்பீஸ் தீர்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, 'வாத்தியாரே இல்லாமல் கிராமத்துப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள்' என்றால் கோபம் வருமா, வராதா?

சொன்னவர் சுகதா மித்ரா. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, என்.ஐ.ஐ.டி. கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்தவர். 1999 ஜனவரி 26 அன்று டெல்லி கல்காஜியில், அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, அந்தப் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்காக ஒரு கம்ப்யூட்டரைப் பதித்துவைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பிள்ளைகள் கும்பலாக நின்று தாங்களே பழகிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அதுவே வாழ்நாள் வேலையாகிவிட்டது. 2006-ல் இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2013-ல் பத்து லட்சம் டாலர் டெட் பரிசும் வாங்கினார்.

என்னைச் சீண்டியது காளிக்குப்பம் ஆய்வு. தமிழ் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். கம்ப்யூட்டரிலோ மூலக்கூறு உயிரியல், அதுவும் ஆங்கிலத்தில். இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டாராம். ஒன்றுமே புரியவில்லை என்றார்களாம். டி.என்.ஏ. நகல் தப்பாகப் போனால் வியாதி வரும், அதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றாளாம் ஒரு பெண்! தேர்வு வைத்தால் பூஜ்யத்திலிருந்து 30 சதவீதத்துக்கு வந்திருந்தார்கள்.

2010-ல் அவரும் ரிது தங்வாலும் வெளியிட்ட கட்டுரை அது. முதல் தடவை படித்தபோது இந்த 30-தான் என் கண்ணைக் குத்தியது. அடுத்த தடவைதான் மிச்சத்தைக் கவனித்தேன். 30-க்கு மேல் போக அவர் ஒரு ஆளைத் தேடினார். பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண். கணக்கு எழுதும் வேலை, உயிரியல் தெரியாது. பின்னால் நின்று, 'அட, இது என்ன? எப்படிச் செய்தாய்?' என்று ஆச்சரியப்படு, போதும் என்றார். மதிப்பெண் 50-க்கு ஏறியது. நல்ல ஆசிரியர்களிடம் படித்த டெல்லி தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமம்.

அதன் பிறகு 2009-ல் பிரிட்டனில் பாட்டிமார்களைக் கேட்டார், வாரம் ஒரு மணி நேரம் ஸ்கைப்பில் வந்து நம் நாட்டுப் பிள்ளைகளிடம் பேசுவீர்களா என்று. இருநூறு பேர் வந்துவிட்டார்கள்.

வாத்தியாரே தேவையில்லை என்கிற மாதிரி அவர் பேசுவதை நான் இன்றும் ஏற்கவில்லை. கல்காஜியில் பிள்ளைகள் பாதி நேரம் விளையாட்டும் படம் வரைவதுமாகவே இருந்தார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சுவர் தெருவில் இருந்தது. போகிற வருகிறவர் கண்ணில் திரை பட்டது. இன்றைக்குப் போன் போர்வைக்குள் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014-ல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு திறக்க வேண்டிவந்ததே!

பட்டுத்தறியில் நான் வேலை பழகியதும் இப்படித்தான். எங்கள் செவிலிமேட்டு வீட்டில் அப்பா நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவேன். அவர் எதையும் விளக்கியதில்லை. சரியாகப் போட்டால் 'ம்' என்பார். அந்த 'ம்'-முக்காகவே கவனமாகப் போடுவேன். அதே நான் வகுப்பில் முப்பத்திரண்டு வருஷம் ஒரு 'ம்' சொன்னதாக ஞாபகம் இல்லை. தப்பைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

வீட்டிலும் அதே கதை. பேத்தி பத்தாம் வகுப்பு. போனும் கையுமாகப் படிப்பாள். நான் போய் உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் புத்தகத்தை மூடிவிடுவாள். என் மனைவி படித்தது அஞ்சாம் கிளாஸ். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் பேச்சு ஓயாது.

போன வாரம் அந்த ஏணிப் படம் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாடி இது, நம்ம பட்டு நூலு மாதிரி முறுக்கிக்கினு இருக்கு?"

"டி.என்.ஏ. ஆயா. இது ரெண்டாப் பிரிஞ்சி, புதுசா ரெண்டு வந்துடும்."

"ரெண்டுமே புதுசா?"

"ஆமா, ரெண்டுமே முழுசா புதுசு."

தப்பு. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காபி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப அந்தப் பழசு எங்கடி போச்சு?" என்றாள் என் மனைவி.

பேத்தி வாயைத் திறந்தாள், மூடினாள். போனை எடுத்துப் படத்தை முதலிலிருந்து ஓட்டினாள்.

"இரு ஆயா, இன்னொரு வாட்டி பாக்கறேன்."