காலி நாற்காலி

டில்லிக்குப் போகிறவர்கள் குதுப் மினாரைப் பார்ப்பார்கள், செங்கோட்டையைப் பார்ப்பார்கள். நான் போனது ஒரு நாற்காலியைப் பார்ப்பதற்கு. லோக்சபையில் எங்கள் தொகுதி அங்கத்தினருக்குரிய நாற்காலி அது. தேர்தலின்போது நாங்கள் அவருக்கு வாக்களித்தோம். ரயில்வே கேட்டின்மேல் பாலம் வரும் என்று அவரும் எங்களுக்கு வாக்களித்தார். கேட் மட்டும் வழக்கம்போல் மூடிக்கொண்டிருந்தது.

1927-ல் திறக்கப்பெற்ற பழைய வட்டக் கட்டிடத்தையும் அதன் 144 தூண்களையும் முதலில் வெளியிலிருந்தே தரிசித்தேன். அங்கேதான் தீரர் சத்தியமூர்த்தி கேள்விமேல் கேள்வி கேட்டு வெள்ளைக்கார சர்க்காரைத் திணற அடித்தார். 2023 செப்டம்பர் 19 முதல் சபை கூடுவது அருகிலுள்ள புதுக் கட்டிடத்தில். மேல்மாடத்துக்கு அனுமதிச் சீட்டுப் பெற அங்கத்தினர் ஒருவரின் கையொப்பம் வேண்டும். அதை அண்டைத் தொகுதிக்காரரிடம் வாங்கினேன் என்பதிலிருந்தே என் மனநிலையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். கைத்தொலைபேசியை ஒப்புவித்துச் சோதனைகளைத் தாண்டிப் போய் அமர்ந்தேன். கோயிலில்கூட ஊர்வம்பு பேசலாம். அந்த மாடத்தில் மூச்! பேசக்கூடாது.

மணி பதினொன்று. கேள்வி நேரம் தொடங்கிற்று. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருபது. சிலவற்றுக்கு வாய்மொழியாக விடை வருவதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது. முன்பே விசாரித்து வைத்திருந்த அந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மாலையில், சபைச் செய்தி எழுதிப் பழகிய பத்திரிகை நண்பர் ஒருவர் நகைத்தார்.

"நாற்காலியைப் பார்த்து ஆளை எடை போடாதீரும் ஓய்! காகிதத்தைப் பாரும்."

நட்சத்திரமில்லாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை உண்டு. அவற்றுக்கு எழுத்திலேதான் பதில். அந்தப் பட்டியலில் இருந்தது எங்கள் கேட்! கேட்டவர் எங்கள் அங்கத்தினரே. பதில், "பரிசீலனையில் இருக்கிறது" என்பதுதான். ஆனாலும் கேட்டிருக்கிறாரே! ஆயிரம் நாள் மேல்மாடத்தில் தவங்கிடந்தாலும் இது என் கண்ணில் பட்டிராது.

"சரி, எதிர்ப்பதாக எங்கள் ஊர்க் கூட்டத்தில் முழங்கினாரே, அந்த மசோதாவில் எந்தப் பக்கம் இருந்தார்?" என்று கேட்டேன்.

நண்பர் ஏடுகளைப் புரட்டிவிட்டுக் கையை விரித்தார். குரல் வாக்கெடுப்பு! 'ஆம்' என்ற கூச்சலும் 'இல்லை' என்ற கூச்சலும் எழும். சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்வார். பெயர் எதுவும் பதிவாகாது. யாரேனும் 'டிவிஷன்' கோரினால்தான் மூன்றரை நிமிஷம் மணியடித்துக் கதவுகளைச் சாத்துவார்கள். பச்சைப் பொத்தான் ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் இரண்டுமில்லை. அப்போது பெயர் ஏடேறும். அன்று யாரும் கோரவில்லை. கோரியிருந்தாலும், 1985-ம் வருஷத்துக் கட்சித்தாவல் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறினால் பதவிக்கே ஆபத்து. அப்படியிருக்க, எங்கள் ஊர் மேடைப் பேச்சு அவர் நினைவில் நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

ஊர் திரும்பியபோது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் அங்கத்தினருக்கு ஒரு கார்டு எழுதினேன்: கேள்விக்கு வந்தனம், மசோதாவுக்குத் தாங்கள் சொன்னது ஆமா, இல்லையா?