மலிவாய் வந்த படகு

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், எமது கிழக்குக் கரையில் தொண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு படகுகளை வழங்கின. முன்னர் படகே வைத்திராதோருக்கும் அவை கிடைத்தன. பின்பு விற்பனைக்கும் வந்தன. அப்படியொரு கண்ணாடியிழைப் படகையும் பழைய டீசல் லொறியொன்றையும் என் மைத்துனர் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். விலை பேசியவன் நான். (பத்திரிகைக்காரனுக்குத் தெரியாத விடயமும் உண்டா?)

நாங்கள் போனபோதே லொறியின் இயந்திரம் சூடாயிருந்தது. சற்றுமுன் ஓட்டியதாகச் சொன்னார்கள், நம்பினேன். மறுநாள் காலை, ஆறிக்கிடந்த இயந்திரம் வெண்புகை கக்கியதேயன்றி உயிர்க்கவில்லை.

படகை முதிய கடற்றொழிலாளி ஒருவர் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். அடிப்புறத்தில் மரத்த ஓசை. இழைப்படைகள் பிரிந்து நீர் குடித்திருந்தன.

"இதுல கடலுக்குப் போகாத மனே" என்றார்.

படகு வழங்கும் விழாவொன்றைப் புகழ்ந்து எழுதியவனும் நானே. தங்கை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளது காப்புகள் அடகிலிருந்தன.