சேப்பாக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

சென்னைக்குச் செல்வதென்றால் எங்கள் காயல்பட்டினத்து மக்களுக்குக் காரணம் ஒன்று வேண்டும். மருத்துவம், கடவுச்சீட்டு, திருமணச் சேலை, வெளிநாட்டிலிருந்து வருபவரை விமான நிலையத்தில் வரவேற்றல், இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் எவரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் நானும் என் துணைவியும் பயணப்பட்டபோது எங்களிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. சேப்பாக்கம் மைதானத்தில் இந்திய மகளிர் அணியும் தென்னாப்பிரிக்க மகளிர் அணியும் ஆடவிருந்த டெஸ்ட் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகச் சென்றோம். மத்ரஸாவில் விடுப்பு எழுதியபோது "சொந்த அலுவல்" என்று மட்டும் எழுதினேன். அது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று.

ஆசை என்னுடையதன்று, அவளுடையது. என் மாமனார் வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு கிரிக்கெட் வருணனை கேட்பவர். தமிழில் வருணனை வந்த காலத்தில், எங்கள் மாவட்டத்துச் சாத்தான்குளத்தைச் சேர்ந்த அப்துல் ஜப்பார் அவர்களின் குரலைக் கேட்டால் அவருக்குப் பசிகூடத் தெரியாதாம். (அப்பெருமகனார் 2020ஆம் ஆண்டு மறைந்தார்.) வாப்பாவின் மடியிலிருந்தே மகளும் கேட்டுப் பழகினாள். பத்து, பதினோரு வயதுவரை வீட்டுக்குப் பின்னுள்ள முடுக்கில் மாமன் மகன்களோடு பந்து வீசியும் இருக்கிறாள். எங்கள் ஊரில் வீடுகளுக்கிடையே பெண்கள் போய்வரும் அந்தக் குறுகிய சந்துகளைத்தான் முடுக்கு என்போம். வீசினால் நேராகத்தான் வீசியாக வேண்டும், சற்று விலகினாலும் சுவர்! ஒரு நாள் பெரியம்மா ஒருவர், "போதும், உள்ளே வா" என்றார். அவ்வளவுதான். அதன்பின் வானொலி மட்டுமே மிஞ்சியது.

எங்கள் ஊர் கால்பந்துக்குப் பெயர் பெற்றது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடைபெறும் நாள்களில் அஸர் தொழுகை முடிந்ததும் ஊரே மைதானத்தை நோக்கி நடக்கும். அக்கோலாகலத்தையும் அவள் மொட்டை மாடியில் நின்று காதால்தான் கேட்டிருக்கிறாள். "இப்போது கோல் விழுந்தது, இப்போது தவறியது" என்று ஆரவாரத்தை வைத்தே சரியாகச் சொல்லிவிடுவாள். திருமணமான புதிதில் இதை வேடிக்கையாக எண்ணினேன். இருபது ஆண்டுகள் கேட்டபின் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

செந்தூர் விரைவு வண்டியில் புதன் இரவு ஏறினோம். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் இதே வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, பயணிகள் நூற்றுக்கணக்கானோர் உணவின்றித் தவித்ததை நாடறியும். அந்நிலையத்தை வண்டி கடந்தபோது பெட்டியில் பேச்சு தானாக அடங்கி, பிறகு தானாகத் தொடங்கியது.

எழும்பூரில் என் கல்லூரித் தோழர் காத்திருந்தார். பாளையங்கோட்டையில் இளங்கலை வரலாறு பயின்ற நாளில் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவர் வங்கிப் பணிக்குச் சென்றார், நான் ஓதிப் பட்டம் பெற்று மத்ரஸாவுக்கு வந்தேன். என்னை இன்றும் "மௌலவி" என்று கேலியும் மரியாதையும் கலந்துதான் அழைப்பார். அவர் இல்லம் திருவல்லிக்கேணியில். அவருடைய மனைவி, "வாங்க அக்கா, எவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள்!" என்று என் துணைவியின் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். நாங்கள் கொண்டுபோன தம்மடையும் மாசியும் மேசைக்கு வந்தன. அவர்கள் வீட்டில் மீன் வாசனை ஆகாது என்பதால் மாசிப் பொட்டலம் மட்டும் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது.

வியாழன் மாலை தோழர் எங்களைக் காலாற அழைத்துச் சென்றார். வரலாறு படித்தவர் இருவர் சேர்ந்தால் கடற்கரைக்குப் போகும் வழியில் கடல் மறந்துவிடும். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை, செந்நிறக் கல்ஸ் மஹாலும் ஹுமாயூன் மஹாலுமாக நின்றது. 2012ஆம் ஆண்டுத் தீயில் கல்ஸ் மஹால் கருகிப்போனதைப் படங்களில் பார்த்து வருந்தியிருந்தேன். புதுப்பிக்கப்பட்டு எழுந்து நிற்பதைக் கண்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அந்த அரண்மனை வளாகத்தின் ஒரு பகுதியில்தான் 1865 முதல் மதராஸ் கிரிக்கெட் மன்றத்தார் ஆடத் தொடங்கினர். நவாபின் தோட்டத்தில் வெள்ளையர் பந்தாடினர். பின்னர் அதே மண்ணில் 1952இல் இங்கிலாந்தை இன்னிங்ஸ் கணக்கில் வென்று, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. "வினு மன்கட் அந்த ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தோம். என் இல்லாள்தான்! தோழர், "மௌலவி, பட்டம் வாங்கியது நாம், பாடம் நடத்துவது இவர்" என்றார்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாலாஜா சாலை வாயிலில் நின்றோம். தண்ணீர் புட்டி உள்ளே கூடாது, பை கூடாது என்று காவலர் சோதித்து அனுப்பினர். ஆண்கள் ஆட்டத்தின் நெரிசல் இல்லை. சீருடையில் பள்ளிச் சிறுமியர், தந்தையின் கைபிடித்து வந்த சின்னஞ்சிறு பெண்கள், எங்களைப் போல் நடுவயதுத் தம்பதியர், அங்கங்கே தலையில் முக்காடிட்ட சகோதரியர் சிலரும் இருந்தனர். எங்களை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஊரிலிருந்து யாரேனும் வந்திருக்கிறார்களா என்று முதல் அரைமணி நேரம் நான்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்! "ஆட்டம் அந்தப் பக்கம் நடக்கிறது" என்றாள் துணைவி.

படிக்கட்டேறிப் பார்வையாளர் மாடத்தில் நுழைந்ததும் அந்தப் பச்சை நிறம் கண்ணில் விழுந்த கணத்தில் அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் விலகிச் சென்றனர். முப்பது ஆண்டுகளாகக் காதால் கேட்ட இடம். "இவ்வளவு சிறியதா!" என்றாள் முதலில். சிறிது நேரம் கழித்து, "இல்லை, பெரியதுதான்" என்றாள்.

இந்தியா முதலில் மட்டை பிடித்தது. ஷெஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் ஆடத் தொடங்கினர். ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை. தொடக்கத்தில் பொறுமையாகவும் பிறகு பொறுமை தேவையில்லை என்றும் ஆடினார்கள். உணவு இடைவேளை வரை விக்கெட் விழவில்லை.

நண்பகலில் நான் எழுந்தேன். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் நடக்கும் தொலைவில்தான் உள்ளது. "பிரயாணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்று நீங்கள்தானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள்?" என்று கேட்டாள். கடமையில்லைதான். ஆயினும் பெரிய பள்ளியில் ஒரு ஜும்ஆ என்பது என் நெடுநாள் ஆசை. "உன் ஆசைக்கு நான் வந்தேன், என் ஆசைக்கு ஒரு மணி நேரம் விடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தோழரின் மனைவி அவளுக்குத் துணையிருந்தார்.

1795இல் நவாப் வாலாஜா குடும்பத்தார் கட்டிய பள்ளி அது. மரமும் இரும்பும் சேர்க்காமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பியது. முன்னே பரந்த குளமும் திறந்த வெளியும். கட்டிய ஆண்டு எழுத்தெண்ணிக்கையில் வெளிப்படும் பாரசீக வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்துப் புலவர், நவாபின் முன்ஷி. குத்பா முடிந்து தொழுது எழுந்தபோது மனம் லேசாக இருந்தது. மைதானத்தின் பக்கமிருந்து ஓர் ஆரவாரம் காற்றில் வந்தது. என் மனைவியாக இருந்தால் நான்கா ஆறா என்று சொல்லியிருப்பாள்.

திரும்பி வந்து அமர்ந்தபோது ஸ்மிருதி 149 ரன்களில் ஆட்டமிழந்திருந்தார். முதல் விக்கெட்டுக்கு 292 ரன்கள். மகளிர் டெஸ்டில் தொடக்க இணை இவ்வளவு எடுத்தது அதுவரை இல்லை. "எல்லாம் நீங்கள் இல்லாத நேரத்தில்தான்" என்றாள் துணைவி. பின்பு நான் தவறவிட்டவற்றை ஒவ்வொன்றாக வருணித்தாள். பந்து எங்கு விழுந்தது, மட்டை எப்படித் திரும்பியது, தடுப்பாளர் எந்தப் பக்கம் ஓடினார் என்று கையால் காட்டிக்காட்டிச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி அமர்ந்து அதைக் கேட்கலானார். அவர் வாழ்நாள் முழுதும் ஆட்டம் பார்ப்பவராம். "வானொலியில் பேசுகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "கேட்பதோடு சரி" என்றாள்.

தேநீர் இடைவேளையில் தோழர் எதிர்ப்புற மாடத்தைச் சுட்டி, "அன்று எல்லோரும் எழுந்து நின்ற இடம்" என்றார். எந்த அன்று என்று நாங்கள் கேட்கவில்லை.

1999 ஜனவரி 31. ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 271. சச்சின் முதுகு வலியோடு 136 எடுத்து, 254இல் ஆட்டமிழந்தார். வேண்டியவை 17 ரன்கள், கையில் மூன்று விக்கெட்டுகள். நான்கு ரன்களில் அம்மூன்றும் போயின. எங்கள் விடுதிக் கூடத்தில் வானொலியைச் சுற்றி நாற்பது பேர் இருந்திருப்போம். அந்த அமைதியில் ஒருவன் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு இன்னொருவன். நான் மகிழ்கிறேனா என்று பார்த்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்திருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த பின் நான் அழுதால் நடிப்பாகும், அழாவிட்டால் சான்றாகும்! எழுந்து வெளியே போய்விட்டேன். சிறிது நேரத்தில் இந்தத் தோழர் ஓடி வந்து, "மௌலவி, உள்ளே வா, மைதானத்தில் எல்லோரும் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டுகிறார்கள்" என்றார். அப்போது நான் மௌலவி ஆகவில்லை. தாடிகூட இல்லை. அந்தப் பெயர் அன்றுதான் ஏற்பட்டது. ஏன் அப்படி அழைத்தாய் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வென்ற அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றது. தோற்ற வேதனையில் இருந்தவர்களே எழுந்து நின்றார்கள் என்பதை உலகம் இன்றும் சொல்கிறது. அதே நாளில் காயல்பட்டினத்தில் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி வாப்பாவின் வானொலிக்கு முன் அழுதுகொண்டிருந்தாள் என்பதைத் திருமணத்திற்குப் பின்னரே அறிந்தேன். அவளுடைய முகத்தை யாரும் பார்க்கவில்லை. நிம்மதியாக அழுதிருக்கிறாள்.

கடைசிப் பகுதியில் ஷெஃபாலி இருநூறைத் தொட்டார். பந்துகள் 194. மகளிர் டெஸ்டில் அதைவிட விரைவான இரட்டைச் சதம் அதுவரை இல்லை. 205இல் ரன் அவுட் ஆகித் திரும்பியபோது மாடம் முழுவதும் எழுந்தது. பள்ளிச் சிறுமியர் இருக்கைமீதே ஏறி நின்றனர். துணைவியும் எழுந்து நின்றாள். பந்து வீசத் தெரிந்த அந்தக் கை, கைதட்டிக்கொண்டிருந்தது. அமர்ந்ததும் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்:

"மகளின் தாளில் எப்போது கையெழுத்துப் போடுவீர்கள்?"

எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் இறகுப்பந்து அணியில் சேர்த்திருக்கிறார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்பப் பெற்றோரின் இசைவு கேட்டுப் பள்ளியிலிருந்து வந்த தாள் இரண்டு வாரமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. மறுக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் நான் மறுக்கும் முறை. உடை பற்றிய கவலை ஒன்று உண்டு. அதை ஆசிரியையிடம் பேசினால் தீர்ந்துவிடும் என்பது எனக்கே தெரியும். மீதி எல்லாம், மத்ரஸா ஆசிரியரின் மகள் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்களே என்னும் அச்சம்தான். அந்த நாலு பேரின் பெயரைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரியம்மாவின் குரல் முடுக்கோடு முடிந்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன். இழுப்பறையில் இருந்தது அதே குரல்தான்.

"ஊருக்குப் போனதும்" என்றேன். அவள் ஆட்டத்தைப் பார்த்தாள்.

அன்று மாலை ஆட்டம் முடிந்தபோது இந்தியா 525. ஒரே நாளில்! வீடு திரும்பியதும் அவள் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதாள். மறுநாள் மாலை வண்டியேறினோம். நாங்கள் பாராத எஞ்சிய நாள்களில் அந்த ஆட்டத்தை இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

சனிக்கிழமை இரவு ஆடவர் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் பார்படாஸில் நடந்தது. அங்கும் எதிரணி தென்னாப்பிரிக்காவே. பெட்டியில் ஒருவரும் உறங்கவில்லை. முப்பது பந்தில் முப்பது ரன்கள் வேண்டும் என்ற நிலையில் வண்டி ஏதோ ஒரு வெட்டவெளியில் நிற்க, கைப்பேசித் தொடர்பு அறுந்துபோயிற்று. ஒரு பெட்டி முழுக்க மனிதர்கள் சன்னலுக்கு வெளியே கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்ற காட்சியை நான் மறக்கவியலாது. தொடர்பு வந்தபோது இந்தியா ஏழு ரன்களில் வென்றிருந்தது. மேல்படுக்கையிலிருந்து ஓர் இளைஞர் குதித்து இறங்கி என்னைக் கட்டியணைத்தார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரவர் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை வீடு வந்ததும் குளிப்பதற்கு முன்பே இழுப்பறையைத் திறந்தேன். பேனா எழுதவில்லை. மகள்தான் ஓடிப்போய் வேறு பேனா எடுத்து வந்தாள்.

லுஹருக்குப் பள்ளிக்குச் சென்றபோது ஹவுளருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், எங்கள் தெருவிலேயே மூத்தவர், "ஆலிம்சா, சென்னைக்குப் போனீர்களாமே, என்ன விசேஷம்?" என்றார். சொல்வதற்கென்று வண்டியிலேயே ஒரு விடை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். பெரிய பள்ளியில் ஜும்ஆ, பழைய தோழர் வீடு என்று. ஒளு செய்துகொண்டே, "மகளிர் டெஸ்ட் பார்க்கப் போனோம் காக்கா. வீட்டில் அவளுக்கு ஆசை. முதல் நாளே ஐந்நூற்று இருபத்தைந்து" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார்.

"எத்தனை விக்கெட்டுக்கு?" என்றார்.