நான்கில் இரண்டு

கல்யாண வீடியோ டிவிடிகளின் அடுக்குக்குள் அந்த வட்டு கிடந்தது. பச்சை மார்க்கரில், சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், ‘ரெக்கவரி 2/4’ என்று எழுதியிருந்தது.

“ஒண்ணு, மூணு, நாலு எங்க சித்தப்பா?”

“லேப்டாப் வாங்குன புதுசுல போட்டதுடா. எங்கயாவது கெடக்கும், தேடு.”

சிவகாசியில் சித்தப்பாவுக்கு ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே பிறந்துதான் அச்சுக்குப் போகும். 2010 தீபாவளிக்கு வாங்கிய லேப்டாப்பில் இன்னமும் பேஜ்மேக்கர் 7 ஓடிக்கொண்டிருந்தது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கு மேல் அதில் இருந்தன. பதினைந்து வருடத்துக்கு முன் அக்காவுக்கு அடித்த பத்திரிகையைத் தங்கைக்குப் பெயர் மட்டும் மாற்றி அடிக்க வருகிறவர்கள் உண்டு. அந்தக் கோப்பு அந்த எழுத்துருவோடு அந்த இயந்திரத்தில் திறந்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். வேறெங்கு திறந்தாலும் ஆங்கிலக் குறிகளின் கூட்டு. அந்த லேப்டாப்தான் ஒருநாள் காலையில் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு பாதி வழியிலேயே நின்றது.

சர்வீஸ் பையன் வந்து பார்த்தான். “ஹார்டு டிஸ்க் போச்சுண்ணே. புதுசு வாங்கி வின்டோஸ் டென் போட்டுரலாம்.”

“பேஜ்மேக்கர் ஓடுமா?”

“ஓடும்ணே. ஆனா கியாரண்டி சொல்ல முடியாது.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான்தான் என்பது அவர் எண்ணம். லேப்டாப் வந்தபோது எந்த ஓஎஸ் இருந்ததோ அதே 32 பிட் வின்டோஸ் 7 ஹோம் பேசிக்கை அதே டிரைவர்களோடு திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று. ஹோம் பேசிக் அமெரிக்கக் கடைகளில் விற்காத சரக்கு. இந்தியா மாதிரி நாடுகளுக்கென்றே, கண்ணாடி ஜன்னல் அலங்காரங்களைக் குறைத்துத் தந்த பதிப்பு.

முதலில் லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியைத் தேடினோம். சித்தப்பா எதையும் தூக்கிப் போடாதவர். பெட்டி பரணில் இருந்தது. உள்ளே தெர்மாகோல், வாரண்டி அட்டை, விளக்கப் புத்தகம். ஓஎஸ் சிடி என்று ஒன்று இல்லை. விளக்கப் புத்தகத்தில் ஒரு வரி மட்டும்: மீட்பு வட்டுகளை நீங்களே உருவாக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மருந்தையும் வாங்கியவனே காய்ச்சிக்கொள்ள வேண்டுமா? இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தேட ஆரம்பித்தது அன்று இரவுதான்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. வின்டோஸ் 95-ஐ ஃப்ளாப்பியில் வாங்கியவர்கள் 13 ஃப்ளாப்பிகளை வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிறகு சிடி வந்தது. வின்டோஸ் 98 காலத்தில் நல்ல கம்பெனிக் கணினி வாங்கினால் கூடவே ஒரு சிடியும் வரும். எந்தக் கணினியில் போட்டாலும் வேலை செய்யும். ஒரு சிடியை வைத்துத் தெருவுக்கே ஓஎஸ் போட்டுக் கொடுத்த அண்ணன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மைக்ரோசாஃப்டுக்குக் கடுப்பானது இதுதான். 2000-ஆம் ஆண்டில் பெரிய தயாரிப்பாளர்களுக்கான விதியை அது மாற்றியது. முழு வின்டோஸ் சிடியைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. தங்கள் இயந்திரத்தில் மட்டும் வேலை செய்கிற மீட்பு சிடி தரலாம், அல்லது ஹார்டு டிஸ்க்கிலேயே ஒரு நகலை வைக்கலாம். திருட்டுப் பிரதியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். சிடி அச்சடித்து உறை போட்டுப் பெட்டியில் வைக்கும் செலவைவிட டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்குவது மலிவு. கம்பெனிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

டிஸ்க் போனால் மருந்தும் சேர்ந்து போகும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் திரை மூலையில் அந்த அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்: மீட்பு வட்டுகளை இப்போதே உருவாக்குங்கள். நம்மில் பலர் ‘பின்னர்’ என்பதை அழுத்தி அழுத்தியே லேப்டாப்பின் ஆயுளை முடித்துவிட்டோம். சித்தப்பா அழுத்தவில்லை. கடையில் கல்லாக் கணக்கைக்கூட மறுநாள் வரை வைக்காதவர் அவர்.

அன்று நடந்ததை ரசித்துச் சொன்னார். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டு ஒன்று கையில் இருந்ததாம். அது வேண்டாம் என்று லேப்டாப் துப்பிவிட்டது. சார்ஜர் செருகியிருந்தால்தான் தொடங்குவேன் என்று அடம் வேறு. அப்போது கரண்ட் போவதும் வருவதும் யாருக்கும் நிச்சயமில்லாத காலம். கரண்ட் வந்ததும் ஓடிப்போய் நான்கு புது டிவிடி வாங்கிவந்து உட்கார்ந்தவர், எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒவ்வொரு வட்டையும் எழுதி முடித்து, எழுதியது சரியா என்று முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே அடுத்ததைக் கேட்கும். நான்கும் முடிந்ததும், இனி இன்னொரு செட் போட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டதாம். பல கம்பெனிகள் அப்படித்தான் வைத்திருந்தன: ஒரு லேப்டாப்புக்கு ஒரே ஒரு செட்.

நான்கு எதற்கு என்றால், மொத்த நகலும் ஒரு வட்டில் அடங்காது. டிவிடி உறையில் போட்ட 4.7 ஜிபி என்பதும் வியாபாரக் கணக்கு. கணினி எண்ணும் கணக்கில் 4.38-தான் வரும். 320 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 298 என்று காட்டுவதும் இதே கதைதான்.

மறுநாள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன சித்தி அங்கிருந்தே கூப்பிட்டார். தொட்டியில் வளர்ந்த மாதுளைச் செடியில், அணிலையும் கிளியையும் விரட்ட, கடைப் பையன் எப்போதோ பழைய வட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். அதில் ஒன்றில் பச்சை மை வெளுத்துப்போய் ‘1/4’. வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. சாயத்துக்கு வெயில் ஆகாது. சிவகாசி வெயிலில் சில கோடை ஆடிய வட்டில் என்ன மிச்சமிருக்கும்? டிரைவில் போட்டேன், சுற்றிச் சுற்றிக் களைத்து வெளியே தள்ளியது. 3-உம் 4-உம் கிடைக்கவே இல்லை. கிடைத்த 2-ஐத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. பூட் ஆவது முதல் வட்டில்தான்.

மிச்சமிருந்தது நோயாளியின் வயிற்றுக்குள் இருந்த மருந்துதான். பென் டிரைவில் லினக்ஸ் போட்டு லேப்டாப்பை எழுப்பி, டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலை எடுத்தேன். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் முதல் 512 பைட்டில்தான் மொத்த நிலப்பட்டா இருக்கும்: 446 பைட் பூட் செய்யும் நிரல், அடுத்து நான்கு பார்ட்டிஷனுக்குத் தலா 16 பைட், கடைசி இரண்டு பைட் முத்திரை. ஒவ்வொரு 16-இலும் ஐந்தாவது பைட், அந்த நிலம் என்ன வகை என்று சொல்லும். வின்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் என்றால் 07. பட்டியலின் முதல் வரியில் இருந்தது 27.

இத்தனை வருடம் சித்தப்பாவின் கண்ணில் படாத சுமார் 15 ஜிபி நிலம் அதுதான். மறைத்தார்கள் என்றால் பூட்டுப் போட்டு மறைக்கவில்லை. 07 என்று எழுத வேண்டிய இடத்தில் 27 என்று எழுதினால் வின்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்துக் கொடுக்காது, காட்டாது, அவ்வளவுதான். ‘உள்ளே வரக் கூடாது’ என்ற பலகை மட்டும் இருக்கிற, வேலி இல்லாத தோட்டம். இந்தப் பழக்கத்துக்கும் ஒரு பாட்டன் இருக்கிறார். காம்பேக் கம்பெனி தன் கணினிகளில் பரிசோதனைக் கருவிகளை வைக்கத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கி அதற்கு 12 என்று எண் கொடுத்தது. பிறகு மற்ற சில கம்பெனிகளும் தங்கள் மீட்பு நகலை அதே 12-க்குள் கொண்டுபோய் வைத்தன.

டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் அந்த 15 ஜிபியை முதலில் நகல் எடுத்தேன். டிஸ்க் முனகினாலும் அந்தப் பகுதி முழுசாக வந்தது. பிறகு மொத்த டிஸ்க்கையும் புது டிஸ்க்குக்கு இறக்க விட்டேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. படிக்க முடியாத இடங்களை அது தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து மறுபடி மறுபடி கேட்டுப் பார்க்கும். கடன் வசூலிக்க வருகிறவரின் பொறுமை.

காத்திருந்த நேரத்தில் நகலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விம் என்ற வகைக் கோப்புகள். விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வடிவம். அதற்கு முன் கம்பெனிகள் பலவும் நம்பியது கோஸ்ட் என்ற மென்பொருளை. பேய் என்று பெயர் வைத்தவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்காரர்கள். 1990-களின் நடுவில் மர்ரி ஹாசார்ட் எழுதியது, 1998-இல் சைமான்டெக் வாங்கிக்கொண்டது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் பக்குவமாக நிறுவிவிட்டு அந்த டிஸ்க்கை அப்படியே உருவி ஆயிரம் டிஸ்க்கில் ஊற்றுவது கோஸ்டின் வேலை. விம் இன்னும் சாமர்த்தியம்: ஒரே கோப்பு பத்து இடத்தில் இருந்தால் ஒருமுறைதான் சேமிக்கும்.

விம் கோப்பின் கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: என்ன பதிப்பு, எத்தனை பிட், எப்போது உருவானது. தேதி மட்டும் நேராக இருக்காது. 1601 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நூறு நானோ நொடிகள் கடந்தன என்ற கணக்கு அது. கிரகோரியன் நாள்காட்டி 400 வருடத்துக்கு ஒரு சுற்று; வின்டோஸ் என்டியை வடிவமைத்தபோது நடந்துகொண்டிருந்த சுற்று தொடங்கியது 1601-இல். நம் கோப்பின் எண் ‘01சிஏ’ என்று தொடங்கியது. அப்படித் தொடங்கினால் 2009 ஜூலைக்கும் 2010 மே இறுதிக்கும் இடைப்பட்ட காலம். முழுக்கக் கணக்குப் போட்டபோது 2010 மார்ச்சில் ஒரு நாள் வந்தது.

தீபாவளிக்குச் சித்தப்பா வாங்கிய லேப்டாப்பின் ஓஎஸ், அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே எங்கோ ஒரு மேசையில் பிறந்துவிட்டது. அந்த மாடலின் எல்லா லேப்டாப்புக்கும் அதுவே பிறந்த நேரம். தொழிற்சாலை ‘ஒரிஜினல்’ என்று நான் இத்தனை நாள் தேடியது, நகலின் நகல்.

சித்தப்பாவிடம் சொன்னேன். “அப்ப அத்தனைக்கும் ஒரே ஜாதகம்னு சொல்லு. நட்சத்திரம் என்ன?” என்றார்.

புது டிஸ்க்கை மாட்டி, தொடங்கும்போது அழுத்த வேண்டிய விசையை அழுத்தினேன். முதல் 446 பைட் நிரலும் சேர்ந்து வந்திருந்ததால் லேப்டாப்புக்கு டிஸ்க் மாறியதே தெரியவில்லை. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பவா, எல்லாம் அழியும் என்று கேட்டது. பத்திரிகைக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஏற்கெனவே பென் டிரைவில் எடுத்திருந்தோம், சரி என்றேன். ஒரு மணி நேரத்தில் வின்டோஸ் வந்தது. லேப்டாப்பின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் எண் தேய்ந்து எப்போதோ மறைந்துவிட்டது. அதைக் கேட்கவே இல்லை. தயாரிப்பாளரின் அடையாளம் பயாஸுக்குள் ஒரு அட்டவணையாக இருக்கும். அதையும் ஓஎஸ்ஸோடு வந்த சான்றிதழையும் ஒத்துப் பார்த்து, இணையம் இல்லாமலே தன்னை அசல் என்று அறிவித்துக்கொண்டது. இணையத்தில் சேர்க்கும் எண்ணமும் இல்லை. 2020 ஜனவரி 14-உடன் வின்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது.

இன்றைய லேப்டாப்புகளுக்கு இந்தப் பாடு கிடையாது. வின்டோஸ் 8-இலிருந்து அனுமதி எண்ணையே இயந்திரத்துக்குள் எழுதிவிட்டார்கள். ஓஎஸ்ஸை மைக்ரோசாஃப்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். வட்டு போட டிரைவும் இல்லை.

பேஜ்மேக்கரை நிறுவி, ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தேன். மேலே விநாயகர், கீழே ‘நிகழும் மங்களகரமான’ என்று எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது: மீட்பு வட்டுகளை இப்போதே உருவாக்குங்கள்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சித்தப்பா என் தோளைத் தட்டினார். “அதை மூடுடா. பார்ட்டி வந்து உக்காந்திருக்கு.”