ஆளில்லாத தீவு

தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் நிலக் கணக்கு எழுதினேன். புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும் இடத்தை நேரில் போய்ப் பார்த்தால் அங்கே யாராவது இருப்பார்கள். ஒரு குடிசை, ஒரு ஆட்டுப்பட்டி, எதுவும் இல்லாவிட்டால் வேப்பமரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல். ஆளில்லாத இடம் கணக்கில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

சென்ற வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த நாடு என்ற கேள்விக்கு ஒரு ஜாபிதா இறங்கியது. போட்ஸ்வானாவுக்கும் பிரேஸிலுக்கும் நடுவில் புவே தீவு. “இது எங்க இருக்கு தாத்தா?” என்றாள். தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கிறது. மிக அருகிலுள்ள நிலம் அண்டார்டிகா. அதுவே சுமார் 1,700 கிலோமீட்டர். பரப்பு 49 சதுர கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு 93 பங்கு பனி, அடியில் எரிமலை. யாரும் குடியிருந்ததில்லை. ஆனாலும் நாடுகளின் ஜாபிதாவில் அதற்கு இரண்டெழுத்துக் குறி உண்டு. இணைய முகவரிக்கு முடிவெழுத்துகூட ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் முகவரி பதிய யாரையும் விடுவதில்லை.

1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சுக் கப்பல் தலைவர் புவே இதைக் கண்டார். பெரிய தென்கண்டம் ஒன்றின் முனை என்று நினைத்தார். கரையிறங்க முடியவில்லை. குறித்துக்கொண்ட தீர்க்கரேகையும் தப்பு. பின்னால் வந்த குக் தேடிப் பார்த்துக் காணாமல், புவே பார்த்தது பனிக்கட்டியாக இருக்கும் என்று முடிவு கட்டினார். 1825ல் நாரிஸ் என்ற ஆங்கிலேயர் பிரிட்டனுக்கென்று உரிமை கோரி, லிவர்பூல் என்று பெயர் வைத்தார். பக்கத்தில் தாம்ஸன் என்று இன்னொரு தீவையும் குறித்தார். அது வரைபடங்களில் நெடுங்காலம் இருந்தது, கடலில் இல்லை. தரையில் இல்லாத சர்வே நம்பரை நானும் பார்த்திருக்கிறேன்.

1927 டிசம்பரில் நார்வேக்காரர்கள் இறங்கினார்கள். செலவு ஒரு திமிங்கிலவேட்டை முதலாளியுடையது. மறு வருஷம் ஜனவரியில் அந்நாட்டு அரசு தீவைத் தன்னுடையது என்று அறிவித்தது. பிரிட்டன் பிறகு விட்டுக்கொடுத்தது. 1930ல் போட்ட சட்டப்படி நார்வேயின் குற்றவியல் சட்டமும் உரிமைச் சட்டமும் அங்கே செல்லும். இன்றைக்கும் ஆஸ்லோவில் நீதி அமைச்சகம் அதை நிர்வகிக்கிறது. திருடுவதற்கு ஆளில்லை, திருட்டுக்கொடுப்பதற்கும் ஆளில்லை. முதலில் சிரித்தேன். பிறகு தோன்றியது, சட்டம் குடிகளுக்காகப் போட்டதில்லை, மற்ற அரசாங்கங்களுக்காகப் போட்டது. எங்கள் ஆபீஸில் பட்டா ஒருவர் பேரில் இருக்கும், அனுபவம் வேறொருவரிடம் இருக்கும், சண்டை வரும். இங்கே பட்டா மட்டும்தான். அனுபவம் பென்குவினுக்கும் கடல்நாய்க்கும்.

எழுபதுகளில் எழுதிய பலரையும் போல நானும் ஒரு தீவுக் கவிதை எழுதியிருக்கிறேன். சிற்றேடு ஒன்றில் வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். தனிமை என்பதற்கு அன்று எங்களுக்குக் கைவசமிருந்த பண்டம் தீவு. இப்போது எடுத்துப் படித்தால் அதில் தீவே இல்லை. பாறை என் கோபம், அலை என் வேலையின்மை, பறவை யாரோ ஒரு பெண். ஆளில்லாத தீவு என்று தலைப்புக் கொடுத்துவிட்டு முதல் வரியிலேயே நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆக்கிரமிப்புக்கு நாங்கள் பி மெமோ போடுவோம். அந்தக் கவிதைக்கும் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

திணைக் கணக்கிலும் புவே அடங்காது. நிலமும் பொழுதுமாக முதற்பொருள் இருக்கிறது. பறவை, விலங்கு என்று கருப்பொருள் இருக்கிறது. உரிப்பொருள் இல்லை, அதற்கு மனிதர் வேண்டும். உரிப்பொருள் இல்லாத நிலத்தைப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை. பார்த்ததும் நம்முடையதைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம். நார்வே கொடியை இறக்கியது, நான் துக்கத்தை இறக்கினேன்.

ஆனால் 1971ல் அதே நிர்வாகம் தீவை இயற்கைக் காப்பிடமாக்கியது. இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று எழுதுவதற்கும் ஒரு கோப்பு வேண்டியிருக்கிறது. 1996ல் வைத்த ஆய்வுக் கூடம் பத்து வருஷம் நின்றது. 2006ல் நிலநடுக்கம் அடிமண்ணைக் குலைத்தது. காற்று கூடத்தைக் கடலில் தள்ளியது. தீவின் பதில் என்று எழுத வந்தது, எழுதவில்லை. காற்று யாருக்கும் பதில் சொல்வதில்லை.

அரசாங்க உத்தரவு ஒன்று செய்த காரியத்தை என் கவிதை செய்யவில்லை என்பது உறுத்துகிறது. அந்தத் தீவைப் பற்றி ஆறு வரி எழுத நாலு மாதமாக முயல்கிறேன். பனி, எரிமலை, பறவை. நாலாவது வரிக்குள் எப்படியோ ஒரு ஆள் வந்துவிடுகிறான். அடிக்கிறேன். மறுநாள் பார்த்தால் இரண்டாவது வரியில் இருக்கிறான்.