மின்னலும் ஏடும்

நாஞ்சில் நாடு இரண்டு பருவமழைகளையும் பெறும் பேறுடையது. ஆனி, ஆடித் திங்களில் வரும் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சாரலாய்ப் பொழிந்து செல்லும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையோ இடியும் மின்னலும் உடன்வர முழங்கிக்கொண்டு வரும். அம்மின்னலைச் சிறுவயது முதலே திண்ணையில் அமர்ந்து பார்த்து மகிழ்ந்தவன் நான். ஆயினும், அது எனக்கு ஒரு பழைய பாடத்தை நினைவூட்டியது அறுபது வயதைக் கடந்த பின்னரே.

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஓர் இரவு. சுசீந்திரத்தை அடுத்துள்ள எங்கள் வீட்டின் மாடியறையில், பதினோராம் வகுப்பில் பயிலும் என் பேரன் தன் தந்தையின் புகைப்படக் கருவியை முக்காலித் தாங்கியில் பொருத்திச் சாளரத்தின் முன் நிறுத்தினான். மின்னும்போது மொட்டைமாடியிலும் மரத்தடியிலும் நிற்பது உயிருக்கு ஊறு விளைப்பதாகும். ஆதலின் இருவரும் அறைக்குள்ளேயே அமர்ந்தோம். தெற்கே குமரிமுனைப் பக்கம் ஒரு மின்னல் தோன்றியது. உடனே எண்ணத் தொடங்கினோம். 36 நொடி கழிந்தபின் இடியோசை கேட்டது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே, மின்னல் 12 கிலோமீட்டர் தொலைவில், கடலை ஒட்டித் தோன்றியது என்று கணக்கிட்டோம்.

பேரன் கருவியின் கண்ணை 20 நொடி திறந்து வைப்பதும், மூடிவிட்டு மீண்டும் திறப்பதுமாக இருந்தான். திடீரென்று, விண்ணையும் மண்ணையும் இணைப்பதுபோல் ஒரு பெருமின்னல் கிளைவிட்டுப் பாய்ந்தது. "அகப்பட்டது, தாத்தா!" என்று அவன் துள்ளினான். ஆனால், படத்தைத் திறந்து பார்த்தபோது அவன் முகம் வாடிற்று. மின்னல் இருந்த இடத்தில் சுண்ணாம்பைக் கொட்டியது போன்ற ஒரு வெண்திட்டு, அவ்வளவுதான்.

பிழை எங்கே நேர்ந்தது? இரவு இருண்டிருந்ததால், கருவியின் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 800 என உயர்த்தி வைத்திருந்தான். ஒளி புகும் துளையையும் எஃப் 4 என அகலத் திறந்திருந்தான். ஒளியுணர்வு 100, துளை எஃப் 8 என்று வைத்திருப்பின் நன்றாக இருந்திருக்கும். முன்னதில் 8 மடங்கு, பின்னதில் 4 மடங்கு. ஆக, வேண்டிய அளவைப்போல் 32 மடங்கு ஒளி பதிவாகிவிட்டது. 20 நொடியைக் குறைத்திருந்தாலும் பயனில்லை. மின்னல் ஒரு நொடிக்குள்ளேயே தோன்றி மறைவது. ஆதலின், கண் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் பின்புல வானம் இருளுமேயன்றி, மின்னலின் கீற்று மங்காது.

"போகட்டும், மக்களே" என்று எங்கள் நாட்டு வழக்கில் அழைத்து அவனைத் தேற்றினேன். "இதைத் திருத்த வழியில்லையா?" என்று வினவினேன். வழி ஓரளவு இருந்தது. அவன் படத்தை 'ரா' என்னும் மூலக்கோப்பாகச் சேமித்திருந்தான். வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்துக்கொள்ளும்; அவனுடைய கருவியின் மூலக்கோப்போ 16,384 படிநிலைகளைக் காக்கும். கணிப்பொறியில் அதனைத் திறந்து, ஒளியின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தான். மிகவெளிறிய பகுதிகளை மட்டும் தனியே தாழ்த்தினான். இருண்ட பகுதிகளைச் சற்றே உயர்த்தினான். வெண்மைக்குள் மறைந்திருந்தவை ஒவ்வொன்றாய் வெளிவந்தன. மேகத்தின் விளிம்பு தெரிந்தது. கிளை மின்னல்கள் நரம்புகள்போல் தெரிந்தன. கீழே தென்னந்தலைகளும் தெரிந்தன.

ஆனால், மின்னலின் நடுத்தண்டு மட்டும் எத்துணை முயன்றும் வெண்திட்டாகவே நின்றது. மழைக்காலத்தில் இறவாரத்தின்கீழ் வைத்த குடத்தை எண்ணிப் பாருங்கள். குடம் நிரம்பும்வரை, எவ்வளவு நீர் வீழ்ந்தது என்பதை அது காட்டும். நிரம்பி வழிந்தபின், வழிந்தது ஒரு செம்பா ஓர் அண்டாவா என்று எவராலும் சொல்ல இயலாது. கருவியினுள் ஒளியை ஏந்தும் நுண்புள்ளிகளும் அத்தகையனவே. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒன்றேனும் நிரம்பாது நின்ற இடத்தில் வடிவத்தை ஓரளவு மீட்கலாம். மூன்றும் நிரம்பி வழிந்த இடத்தில் மீட்பதற்கு ஒன்றுமில்லை.

மறுநாள் மாலை பேரன் மகிழ்ச்சியோடு ஓடிவந்தான். வெண்திட்டு இருந்த இடத்தில், கொடிபோல் வளைந்த அழகிய மின்கீற்றுகள் காணப்பட்டன. "இவை எங்கிருந்து வந்தன?" என்றேன். "செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று தானே வரைந்து நிரப்பியது, தாத்தா. பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் இதனை வைக்கப் போகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான்.

அச்சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. ஏனெனில், இளமையில் அதே சொல்லை நானும் என் உள்ளத்துள் சொல்லிக்கொண்டதுண்டு. அக்கதையை அவனுக்கு உரைத்தேன்.

நான் தமிழ் பயின்ற நாளில், என் ஆசிரியர் பழைய வில்லுப்பாட்டு ஏடு ஒன்றைத் தந்து படியெடுக்கச் சொன்னார். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துகள் மங்கியிருந்தன. ஊமத்தை இலைச் சாற்றில் விளக்குக்கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலில் மை தங்கி எழுத்துகள் பளிச்சென்று தெரியும். அவ்வாறே பல வரிகளை மீட்டேன். ஆனால், ஓரிடத்தில் ஓலையையே செல் அரித்திருந்தது. ஒரு சொல் முழுதும் போய்விட்டது. நான் மோனை பொருந்த இனிய சொல் ஒன்றைச் சேர்த்து எழுதிவிட்டேன். ஆசிரியரிடம் அதனைச் சொல்லவில்லை. சில திங்கள் கழித்து வேறோர் ஊரிலிருந்து மற்றொரு படி கிடைத்தது. நான் நிரப்பிய இடத்தில் அதில் இருந்தது ஒரு சிறு குளத்தின் பெயர். ஆசிரியர் சினந்து பேசவில்லை. "உன் சொல் அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால், நீ ஒரு குளத்தையே தூர்த்துவிட்டாய்" என்றார். அன்று தலைகுனிந்தவன், அதன்பின் படியெடுத்த ஏடு எதிலும் என் சொல்லைப் புகுத்தியதில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894 ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதனுள் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; வேறு சில சிதைந்து கிடைத்தன. நம் நாஞ்சில் வள்ளுவனைப் பாடிய 380 ஆம் பாட்டும் சிதைவுற்ற ஒன்றே. செய்யுள் இயற்ற வல்ல அப்பெரும்புலவர், அவ்விடங்களைத் தம் சொல்லால் நிரப்பியிருக்க இயலாதா? இயலும். ஆயினும், அவர் அவ்வாறு செய்யவில்லை. நூலில் இன்றும் புள்ளிகளையே காண்கிறோம். அப்புள்ளிகள் இருப்பதனால்தான் மற்ற எழுத்துகளை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

அறிவியலுக்கும் இஃது ஒக்கும். முற்காலத்து ஓவியர் பலர் மின்னலைக் கூர்ங்கோணங்களாக ஒடித்து வரைந்தனர். அமெரிக்க நாட்டு வில்லியம் ஜென்னிங்ஸ் 1882 இல் பிலடெல்பியாவில் மின்னலைப் படம் பிடித்தார். மின்னல் ஆறுபோல் நெளிந்து கிளைப்பது என்பதை அத்தகைய படங்கள் தெளிவுபடுத்தின. 1930களில் தென்னாப்பிரிக்காவில் சான்லாண்டு என்பவரும் அவருடைய துணைவரும் தனிவகைக் கருவியால் படமெடுத்து, மின்னல் படிப்படியாக இறங்கி வருவதையும், அது தரையைத் தொட்டபின் பேரொளி கீழிருந்து மேலெழுவதையும் கண்டறிந்தனர். அப்படங்களில் எவரேனும் அழகு கருதி ஒரு கிளையை வரைந்து சேர்த்திருந்தால், நாம் கற்றிருப்பது மின்னலின் இயல்பையா, வரைந்தவர் கற்பனையையா?

பேரன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், வரைந்து நிரப்பிய படத்தை அழித்தான். வெண்திட்டோடு கூடிய படத்தையே கண்காட்சியில் வைத்தான். அதன் கீழே, "ஒளியின் அளவு குறைத்துத் திருத்தப்பட்டது, நடுப்பகுதி மிகை ஒளியால் அழிந்தது, மீட்க இயலவில்லை" என்று எழுதினான். பரிசு கிட்டவில்லை. ஆனால், பார்க்க வந்த மாணவர் பலர் அந்த வெண்திட்டைச் சுட்டி, "இஃது என்ன?" என்று கேட்டனராம். அவன் இறவாரத்துக் குடத்தின் உவமையைச் சொல்லி விளக்கினானாம்.

மாணவர்களே, மங்கியதைத் துலக்குவது திருத்தம். இல்லாததைப் புகுத்துவது பொய். இரண்டும் ஒரே கணிப்பொறியில், ஒரே விரலால் நிகழ்பவை. இடையே உள்ள வேறுபாட்டை அறிவதற்குக் கருவி துணை செய்யாது. நம் நெஞ்சே துணை செய்ய வேண்டும்.

அடுத்த மழைக்குப் பேரன் ஆயத்தமாக இருக்கிறான். ஒளியுணர்வு 100, துளை எஃப் 8 என்று ஒரு தாளில் எழுதிச் சாளரத்தருகே ஒட்டியிருக்கிறான்.