கயிறுகளைக் கற்றல்

பல்கலைக்கழகத்திற் காலடி வைத்த முதல் வாரத்திலேயே, வல்வெட்டித்துறை மாணவன் ஒருவன் ஓர் ஆங்கிலத் தொடரினால் நாணிப்போனான். புதிய மாணவர் முதலிற் செய்யவேண்டியது ‘லேர்ண் த றோப்ஸ்’ என விரிவுரையாளர் கூறினார். அவன் தன் குறிப்பேட்டிற் ‘கயிறுகளைக் கற்றல்’ என எழுதிக்கொண்டான். அருகிலிருந்தவன் அதனை எட்டிப் பார்த்தான். சிரிப்பு வரிசைதோறும் பரவிற்று. ஒரு பணியின் நெளிவு சுளிவுகளை அறிந்துகொள்ளுதலே அத்தொடரின் பொருள் என்பது அவனுக்குப் பின்னரே தெரிந்தது. அத்தவணை முடியும்வரை அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

மரபுத்தொடரின் இயல்பு அது. ஒவ்வொரு சொல்லையும் அறிந்தவனைக்கூட அது வாயிலில் நிறுத்திவிடும். ஆங்கிலம் வழங்காத வீட்டிலிருந்து வருபவனுக்கு இலக்கணத்தைக் காட்டிலும் இதுவே பெருந்தடை. இலக்கணத்தை நூலிற் பயிலலாம். மரபுத்தொடரோ பேசுவோரின் வாழ்க்கையிற் பிறந்தது.

எனினும் அவன் எழுதியது முற்றிலும் பிழையன்று என்பதை நூலகம் அவனுக்கு உணர்த்திற்று. பாய்க்கப்பலிற் கயிறுகள் பல. எக்கயிறு எப்பாயை இயக்கும் என அறிவதே புதிய மாலுமியின் முதற்பாடம். அப்பாடத்திலிருந்தே அத்தொடர் தோன்றிற்று. தேடத்தேட வேறு தொடர்களும் கடலிலிருந்தே கரையேறின. ‘பொதுவாக நோக்கின்’ எனப் பொருள்படும் ‘பை அண்ட் லாஜ்’, காற்றை எதிர்கொண்டு செல்லுதலையும் காற்றோடு செல்லுதலையும் ஒருங்கே குறித்தது. திகைத்துப்போதலைக் குறிக்கும் ‘ரேக்கின் அபாக்’, முன்னிருந்து வீசும் காற்றுப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்தக் கப்பல் தடைப்பட்டு நிற்பதைக் குறித்தது. மதுவினால் நிலைதடுமாறுபவனை ‘மூன்று ஷீற்றும் காற்றில்’ என்பர். ஷீற் என்பது இங்கே துணியன்று. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு. அவை அவிழ்ந்துவிடின் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும்.

அக்கயிற்றுக்குத் தமிழிலே பெயருண்டோ? விடுமுறையில் ஊர் சென்றவன் பாட்டனாரிடம் கேட்டான்.

“அதுதான் மோனே, தாமான்” என்றார் முதியவர். பாயைத் தாங்கும் குறுக்குமரத்தைப் பருமல் என்றார். இயந்திரப் படகுகள் வந்தபின் அச்சொற்களை அவரிடம் எவரும் கேட்டதில்லை.

அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. வல்வை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்றனர். கயிறுகளைக் கற்றவர்கள் அவர்கள். ஆங்கிலேயர் பாய்க்கப்பலைக் கைவிட்ட பின்னரும் அதன் கயிறுகள் அவர்தம் பேச்சில் வாழ்கின்றன. நம் பேச்சிலும் மானம் கப்பலேறுகின்றது, துன்புற்றவன் கரைசேர்கின்றான். தமிழ் பயிலும் ஆங்கிலேயன் ஒருவன், மானம் ஏறிய கப்பல் எத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டது எனக் கேட்பின் அவனை நகைத்தல் தகுமோ? ஆனால் தாமானும் பருமலும் முதியவரோடு மறைந்துவிடுமாயின், அவற்றைப் பேணிவைக்க நம்மிடம் ஒரு தொடர்தானும் உளதோ?

அடுத்த தவணையில் விரிவுரையாளர் மீண்டும் ஒரு மரபுத்தொடரைக் கையாண்டார். “ஐயா, அது எங்கிருந்து வந்தது?” என்று அவன் எழுந்து கேட்டான். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. எவருக்கும் விடை தெரிந்திருக்கவுமில்லை.